சோமாலியர்களுக்கு மொழி ஒன்று, மதம் ஒன்று. அப்புறம் ஏன் குலச் சண்டை? அங்கே அரசை எதிர்த்துச் சண்டை போடும் இஸ்லாமிய ஆயுதக் குழுவான அல் ஷபாபில் சேர்வது மதவெறியால்தானா? இப்படித்தான் பலரும் கேட்கிறார்கள்.

நைரோபியில் ஆறு வருடம் ஒரு இறக்குமதிக் கடையில் கணக்கு எழுதினேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஈஸ்ட்லீ பகுதிச் சோமாலியர்கள். பக்கத்து மேசைக்காரரும் சோமாலியர்தான். எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டது, மீதி படித்தது.

குலம் என்றதும் நாம் சாதி என்று எடுத்துக்கொள்கிறோம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் கொங்குப் பக்கத்தில் 'கூட்டம்' என்பார்களே, அதுதான் கொஞ்சம் கிட்டே வரும். எல்லாம் அப்பா வழி, பங்காளி வகையறா. பெண் எடுப்பதும் கொடுப்பதும் வெளியே என்றால் அவர்களுக்குச் சந்தோஷம், சம்பந்தி பலம் கிடைக்குமே. ஒருநாள் கரிஸ்ஸாவிலிருந்து புது ஆள் ஒருவர் கடைக்கு வந்தார். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ வந்தது. நம்மவரும் அவரும் ஒரு ஐந்து நிமிடம் பெயர்களாகவே பேசிக்கொண்டார்கள். அப்பா, தாத்தா, பாட்டன், பூட்டன் என்று ஏறிக்கொண்டே போய், ஏதோ ஒரு பெயரில் இரண்டு பேரும் சிரித்துக் கைகுலுக்கினார்கள். அதற்குப் பிறகுதான் சரக்கு விலையே பேசினார்கள். சின்ன வயதிலேயே இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்களாம். 'அப்திர்சி' என்று பெயர்.

இது வெறும் பெருமை இல்லை என்பது இன்னொரு நாள் புரிந்தது. அவருக்கு ஒரு போன் வந்தது. வைத்ததும் எம்பெசாவில், அதாவது கைபேசி வழியாகவே, பணம் அனுப்பினார், சம்பளத்தில் நல்ல ஒரு பங்கு. அவர் முகம் கூடப் பார்த்திராத ஒரு பங்காளி லாரி ஓட்டும்போது ஒருவரை இடித்துக் கொன்றுவிட்டான். செத்தவரின் குலத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். 'மக்' என்பார்கள். வழக்கப்படி ஆணுக்கு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50. இப்போது பெரும்பாலும் ரொக்கம். ஆளுக்கு இவ்வளவு என்று குலமே பிரித்துக் கட்டும். "நாளைக்கு என் தம்பி யாரையாவது இடித்தால், வாலால், உன் இன்சூரன்ஸ் கம்பெனியா வரும்?" என்று கேட்டார். வாலால் என்றால் சகோதரன்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். போலீஸ், கோர்ட், இன்சூரன்ஸ் எல்லாமே குலம்தான். அப்படியானால் பின்னால் குலபலம் இல்லாதவன் கதி? ஜரீர் என்று அழைக்கப்படும் பாண்டு விவசாயிகள், தோல் வேலை, கொல்லு வேலை செய்யும் மதிபான், தூமால் போன்றவர்கள் விஷயத்தில் நம்ம சாதிக் கொடுமை அப்படியே இருக்கிறது. பெரிய குலத்தார் இவர்களோடு கல்யாண சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இவர்களில் ஒருவனைக் கொன்றால் 'மக்' கேட்டு நெருக்குவதற்குத் துப்பாக்கி உள்ள பங்காளி கிடையாது.

குலத்தை ஒழிக்க முயலாமல் இல்லை. 1969-ல் ராணுவப் புரட்சி செய்து வந்த சியாத் பாரே, குலப் பெயரைச் சொல்வதற்கே தடை போட்டார். குலவாதத்துக்குக் கொடும்பாவி கட்டிப் புதைத்தார்கள். மக்கள் லேசுப்பட்டவர்களா? "உங்க எக்ஸ் என்ன?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அதாவது, முன்னாள் குலம்! பாரே மட்டும் அப்பா குலம், அம்மா குலம், மருமகன் குலம் என்று மூன்றை வைத்தே ஆட்சி நடத்தினார். 1988-ல் இசாக் குலத்தாரின் ஹர்கெய்சா நகரத்தைத் தன் விமானப்படையை விட்டே குண்டு போட்டுத் தரைமட்டமாக்கினார். 1991 ஜனவரியில் அவர் ஓடியதும், துரத்தியவர்கள் தங்களுக்குள் மோதினார்கள். தலைநகர் மொகதிஷுவை இரண்டாக உடைத்த தலைவர்கள் அய்தீத், அலி மஹ்தி இருவருமே ஹவியே குலம், கிளைதான் வேறு. பங்காளிச் சண்டை என்றால் அதுதான்.

அப்புறம் வந்தது நாடாளுமன்ற இடங்களைக் குலவாரியாகப் பிரிக்கும் '4.5' கணக்கு. 2000-ல் பக்கத்து நாடான ஜிபூத்தியின் ஆர்தாவில் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். தாரூத், ஹவியே, திர், ரஹன்வெய்ன் நான்கும் ஆளுக்கு ஒரு முழுப் பங்கு, மற்ற எல்லோரும் சேர்ந்து அரைப் பங்கு. பின்னாளில் அமைந்த கீழவையின் 275 இடங்களில் நால்வருக்கும் தலா 61, மீதி 31 சிறு குலங்களுக்கு. சண்டையை நிறுத்த அன்றைக்கு வேறு வழியிருந்ததா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் ஒரு மனிதனை 'அரை' என்று சட்டமன்றக் கணக்கிலேயே எழுதி வைத்தால் அவன் பிள்ளை என்ன நினைப்பான்?

அல் ஷபாப் உள்ளே நுழைவது இந்த இடுக்கில்தான். 2006-ல் மொகதிஷுவைப் பிடித்த 'இஸ்லாமிய நீதிமன்றங்கள்' என்ற அமைப்பின் இளைஞர் படையாக இருந்தவர்கள் அவர்கள். அந்த டிசம்பரில் எத்தியோப்பியப் படை உள்ளே வந்தது. எத்தியோப்பியாவிடம் தோற்ற 1977-78 ஒகாடென் போரை மறக்காத சோமாலியர்களுக்கு அதைவிட அவமானம் கிடையாது. அமெரிக்காவின் மினியாபொலிஸில் வளர்ந்த பையன்கள்கூட அந்தக் கோபத்தில் கிளம்பிப் போனார்கள். அவர்களில் ஒருவன் 2008 அக்டோபரில் தற்கொலைக் குண்டாக வெடித்தான்.

ஆனால் உள்ளூரில் ஆள் சேர்ந்தது வேறு வழியில். 'எங்களிடம் குலம் கிடையாது, முஸ்லிம் மட்டும்தான்' என்றார்கள். ஜரீர் பையனுக்கு அந்த வார்த்தையை முதன்முதலாகச் சொன்னது அவர்கள்தான். கையில் துப்பாக்கி, பெரிய குலத்துக்காரனை நிறுத்தி விசாரிக்கும் அதிகாரம், மாதச் செலவுக்குக் காசு. அவர்களுடைய நீதிமன்றத்தில் நிலத் தகராறுக்குத் தீர்ப்பு வரும், வந்தால் நடக்கும். அரசாங்கம் இருக்கும் மொகதிஷுவிலிருந்தே வழக்கை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகிறவர்கள் உண்டு. அவர்கள் சோதனைச்சாவடியில் ஒரு தடவை வரி கட்டினால் ரசீது, அடுத்த சாவடியில் அதைக் காட்டினால் போதும். லாரிக்காரர்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், புகழ்ச்சியாக இல்லை, அலுப்போடு.

குலம் கிடையாது என்பது மேடைக்குத்தான். நடைமுறையில் அவர்களைவிடத் துல்லியமாகக் குலக் கணக்குப் போடுகிறவர்கள் சோமாலியாவில் இல்லை என்பது என் கருத்து. எந்தக் கிளை மாநில ஆட்சியில் ஏமாற்றப்பட்டது, எவனுடைய கிணறு பறிபோனது என்று பார்த்து அங்கே போய் நிற்பார்கள். 'உங்கள் எதிரியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பையன்களை அனுப்புங்கள்' என்று குலப் பெரியவர்களிடம் கேட்பார்கள். 2017-ல் நாட்டின் நடுப்பகுதியில் ஹிரான், கல்குதூத், முதுக் பக்கங்களில் கேட்கவும் இல்லை, மிரட்டினார்கள். பெற்றோர் பிள்ளைகளைத் தனியாகவே வேறு ஊருக்கு அனுப்பி வைத்தார்கள்.

அவர்கள் உட்பகையும் இதே வாசனைதான். ரஹன்வெய்ன் குலத்துத் தளபதி முக்தார் ரோபோவுக்கும், இயக்கத்தின் தலைவரான இசாக் குலத்துக் கோதனேவுக்கும் கசப்பு. 2010 ரமலானில் அல் ஷபாப் மொகதிஷுவில் நடத்திய தாக்குதலில் ரோபோவின் ஆட்கள் ஏராளமாகச் செத்ததில் அது முற்றியது. ரோபோ 2017-ல் அரசு பக்கம் வந்தார், 2018-ல் பைதோவாவில் தேர்தலில் நின்றபோது கைதானார், 2022-ல் மத விவகார அமைச்சரானார். நம்ம ஊர் அரசியல்வாதியே தோற்றான் போங்கள்.

மதவெறி இல்லவே இல்லையா? இருக்கிறது, தலைமையில் நிறைய. ஆனால் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிரிக்காவில் இப்படிப்பட்ட இயக்கங்களில் தானாகப் போய்ச் சேர்ந்தவர்களில் 71 சதவீதம் பேர், கடைசியில் தங்களைத் தள்ளியது அரசின் செயல் என்றார்கள். உறவினர் கொலை, நண்பர் கைது, இப்படி.

அவர்களை எதிர்த்து எழுந்ததும் குலமே. 2022-ல் வரிக் கொடுமை தாங்காமல் ஹிரானில் ஹவாத்லே குலத்தார் துப்பாக்கி எடுத்தார்கள். 'மஅவிஸ்லே' என்று பெயர், கைலி கட்டியவர்கள் என்று அர்த்தம். 'மஅவிஸ்' அச்சு அசல் நம்ம கைலிதான். பக்கத்து மேசைக்காரர் கடையின் பின்பக்கம் அதைத்தான் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அரசுப் படையும் சேர்ந்துகொள்ள, ஆதன் யபால் உட்படப் பல ஊர்கள் மீண்டன. ஹவாத்லே ஜெயித்த செய்தி வந்த அன்று அவரிடம் சந்தோஷமா என்று கேட்டேன். "சந்தோஷம்தான், ஆனால் அந்தத் துப்பாக்கியைத் திரும்ப வாங்கப் போவது யார்?" என்றார். அவர் வேறு குலம். 2025 ஏப்ரலில் ஆதன் யபால் மறுபடி அல் ஷபாப் கைக்குப் போய்விட்டது.