கேம்பர் பிரிட்ஜ் குளிரவில்லையா? கேள்வி பதில்

காரில் இழுத்துக்கொண்டு போய்த் தங்கும் கேம்பர் டிரெய்லர்களின் பிரிட்ஜ்களைக் கழற்றி, பழுது பார்த்து மாட்டுவதுதான் இருபது வருடமாக என் தொழில். உங்கள் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: கரண்ட், கேஸ், 12 வோல்ட் பேட்டரி என மூன்று வழியிலும் ஓடும் பிரிட்ஜ் ஐயா. கரண்டில் போட்டாலும் கேஸில் போட்டாலும் குளிர்ச்சி இல்லை. பின்னால் குழாய் மட்டும் நன்றாகச் சுடுகிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். உங்களுடையதில் கம்ப்ரசர் கிடையாது. வெப்பத்தைக் கொடுத்துக் குளிர்ச்சியை வாங்கும் பெட்டி அது. 1922-ல் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் மண்டர்ஸ் என்ற இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் கண்டுபிடித்த முறையே இன்றும் ஓடுகிறது. மூடிய எஃகுக் குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் இருக்கும். அடியில் சூடு பட்டதும் கொதிக்கும் குமிழிகள் திரவத்தை ஒரு மெல்லிய குழாய் வழியாக மேலே தள்ளும். அங்கே பிரியும் அம்மோனியா ஆவி குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜனோடு கலந்து ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கரைந்து தானாகவே கீழே வழிந்து வந்து சேரும். எல்லாம் புவியீர்ப்பை நம்பியே நடக்கிறது, உள்ளே அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை.

அதனால் வண்டி சாய்ந்து நின்றால் திரவம் திரும்பி வராது. அடியில் சூடு படும் கொதிகலன் வறண்டு காயும். குழாய் துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் அந்தச் சூட்டில் கெட்டியாகி மெல்லிய குழாயை அடைத்துவிடும். இந்தக் குழாய்த் தொகுதியைத்தான் கூலிங் யூனிட் என்போம். நான் கழற்றிய யூனிட்களில் பெரும்பாலானவை இப்படிச் செத்தவைதான். மட்டம், மட்டம், மட்டம். இதைத்தான் முதலில் பாருங்கள்.

பிறகு காற்று. வெளிச்சுவரில் கீழே ஒரு ஜன்னல், மேலே ஒரு ஜன்னல் இருக்கும். குளவிக்கூடு, சிலந்தி வலை, தூசி எல்லாவற்றையும் எடுங்கள். பிரிட்ஜின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே இடம் அதிகமாக இருந்தால் சூடான காற்று மேலே போகாமல் அங்கேயே தங்கும். ஒரு தகடு வைத்துத் தடுத்தால் காற்று குழாய்களை உரசிக்கொண்டு போகும்.

இரண்டையும் சரிசெய்து, கரண்டில் 12 மணி நேரம், கேஸில் 12 மணி நேரம் எனத் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் கொதிகலன் மட்டும் சுட்டு, மற்ற குழாய்கள் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை என்றால் கூலிங் யூனிட் போய்விட்டது. அப்போது மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: ரசமட்டத்தை எங்கே வைப்பது?

பிரீசரின் தரையில் வைத்து, இடவலமாகவும் முன்பின்னாகவும் பாருங்கள். பழைய மாடல்கள் 3 டிகிரி சாய்வு வரைதான் தாங்கும், புதியவை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஓடும் வண்டியில் கவலையில்லை, குலுங்கும்போது திரவம் அங்கும் இங்கும் ஓடிச் சேர்ந்துவிடும். நிறுத்தும்போதுதான் மட்டம் வேண்டும்.

கேள்வி: அண்ணா, கரண்டில் அருமையாக வேலை செய்கிறது. காரில் இழுத்துக்கொண்டு போகும்போது 12 வோல்ட்டில் குளிர்வதே இல்லை. ஹீட்டர் போச்சா?

மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஹீட்டரைத் தனியாகக் கழற்றி அளந்து பாருங்கள் தம்பி. 12 வோல்ட், 120 வாட் ஹீட்டர் என்றால் 1.2 ஓம் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால் குற்றவாளி வயர்தான். 120 வாட் என்பது 10 ஆம்பியர். போக வர 12 மீட்டர் வயர், அதுவும் 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் 1.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 12 வோல்ட் புறப்பட்ட இடத்தில் 10.6 தான் போய்ச் சேரும், ஹீட்டரின் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள், இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். இதற்காகப் புது பிரிட்ஜ் வாங்கியவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கேள்வி: பின்னால் குழாயோரம் மஞ்சள் பொடி படிந்திருக்கிறது. லேசாக மூக்கை எரிக்கும் வாசனையும் வருகிறது. துடைத்துவிட்டு ஓட்டலாமா?

வேண்டவே வேண்டாம். உடனே எல்லாவற்றையும் அணையுங்கள், ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். மூக்கை எரிப்பது அம்மோனியா. கூடவே கசிவது ஹைட்ரஜன், தீப்பிடிக்கும். மஞ்சள் பொடி குரோமேட், புற்றுநோய் வரவழைக்கும் பொருள். வெறுங்கையால் தொடாதீர்கள், பெருக்காதீர்கள். அந்த யூனிட்டுக்கு வெல்டிங் வைத்தியம் கிடையாது. உரிய ஆளைக் கொண்டு கழற்றி மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் பிரிட்ஜும் குளிரவில்லை. என்ன காரணம்?

முதல் பதிலைப் படியுங்கள். மட்டம், காற்று, பிறகு 12 மணி நேரச் சோதனை.

கேள்வி: பிரிட்ஜைக் கழற்றி ஒரு நாள் தலைகீழாக நிறுத்தி வைத்தால் உயிர் வந்துவிடும். நானே செய்திருக்கிறேன். இதை ஏன் நீங்கள் சொல்லவில்லை?

தெரிந்தேதான் சொல்லவில்லை. பல மாதம் சும்மா கிடந்த பெட்டியில் திரவம் தவறான இடத்தில் தங்கியிருந்தால், கவிழ்ப்பதால் அது இடம் மாறி ஓடக்கூடும். வெந்து கெட்டியான குரோமேட் அப்படிக் கரையாது.

கேள்வி: (அதே நண்பர்) கரையாது என்கிறீர்கள், என் பிரிட்ஜ் ஒரு கோடை முழுக்க ஓடியதே!

ஓடியதை நான் மறுக்கவில்லை. அடைப்பு நகர்ந்து வழிவிட்டிருக்கும். ஆனால் கெட்டியாகி ஒதுங்கிய குரோமேட் மறுபடி தன் காவல் வேலைக்கு வராது. அது இல்லாத எஃகை அம்மோனியாத் தண்ணீர் உள்ளிருந்தே அரிக்கும். அந்தக் குழாய்க்குள் லாரி டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம் இருக்கிறது. ஊசித்துளை விழுந்தால் அத்தனையும் நீங்கள் தூங்கும் இடத்துக்குத்தான் வரும். கவிழ்த்து எழுப்பிய பெட்டி ஒன்று மூன்றாம் மாதம் கசிந்து என்னிடமே வந்தது. அன்று அந்த வண்டியில் யாரும் தூங்கவில்லை என்பது ஒன்றே ஆறுதல். கவிழ்த்துத்தான் பார்ப்பேன் என்றால், வண்டிக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். எழுப்பி நிறுத்தி ஒரு நாள் கழித்து, வெளியிலேயே ஓட்டிப் பாருங்கள். இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

கேள்வி: கேஸில் பற்றவைத்தால் எரிகிறது, அழுத்திப் பிடித்த கேஸ் குமிழை விட்டதும் அணைந்துவிடுகிறது.

தெர்மோகப்பிள். தீயின் சூட்டை உணர்ந்து கேஸைத் திறந்து வைத்திருக்கும் பாகம் அது. குமிழை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அதன் முனை தீயின் நடுவில் நிற்கிறதா, கரி பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றுவது சுலபம். தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும், மணமே தெரியாது. புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துருவைப் பர்னரிலிருந்து எடுங்கள். கேஸ் வரும் சிறு துளையுள்ள ஜெட்டை ஆல்கஹாலில் ஊறவைத்து உலர்த்துங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

கேள்வி: யூனிட் போய்விட்டது உறுதி சார். திரும்பவும் கேஸ் பிரிட்ஜா, 12 வோல்ட் கம்ப்ரசரா?

நீங்கள் எங்கே நிறுத்துவீர்கள் என்பதைப் பொறுத்தது. நாட்கணக்கில் கரண்டும் வெயிலும் இல்லாத இடத்தில் தங்குபவருக்கு இன்றும் கேஸ்தான் துணை. மற்றவர்களுக்குக் கம்ப்ரசரையே சொல்வேன். சாய்வைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, சில மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். சிறிய பெட்டி ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். நாளில் பத்து மணி நேரம் ஓடினால் 40 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், ஆக ஒரு நாள் தாங்கும். அடுத்த நாளுக்குச் சோலார் பேனல் வேண்டும். கேஸ் பிரிட்ஜை 12 வோல்ட்டில் போட்டால் அதே பேட்டரி ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மாற்றும்போது பழைய கேஸ் இணைப்பைத் தகுதியுள்ளவர் மூடிக் கசிவு சோதிக்க வேண்டும். டேப் சுற்றி விடாதீர்கள்.

கேள்வி: குளிரவில்லை, கேஸிலும் இல்லை, கரண்டிலும் இல்லை. என்ன செய்வது?

மட்டம் பார்த்தீர்களா? பார்க்காமல் கேட்டால் நானும் பார்க்காமல்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: வண்டியின் ஏசி சத்தம் போடுகிறது, அதையும் கேட்கலாமா?

அது என் துறை இல்லை. ஏசி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: மட்டம் பார்த்தேன் ஐயா. இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது, இப்போது சரிசெய்துவிட்டேன். உடனே பால் வைக்கலாமா?

பார்த்ததற்கு மிக்க நன்றி. காலிப் பெட்டியாக இன்று இரவு முழுக்க ஓடட்டும். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அதில் தெர்மாமீட்டரைப் போட்டு வையுங்கள். காலையில் 5 டிகிரியோ அதற்குக் கீழோ காட்டினால் பாலை வையுங்கள். காட்டாவிட்டால் எத்தனை டிகிரி என்று எழுதுங்கள், பார்ப்போம்.