கீமோ போட்டு ஒம்போதாவது நாள் காய்ச்சல்: சிஸ்டர் பதில்கள்

சிஸ்டர், அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், 21 நாளைக்கு ஒரு தடவை கீமோ போடுறோம். ரெண்டாவது கீமோ போட்டு ஒம்போதாவது நாள் ராத்திரி உடம்பு சுட்டுச்சு, 100.8 இருந்துச்சு. பாராசிட்டமால் குடுத்தேன், காலைல இறங்கிடுச்சு. டாக்டர்கிட்ட சொன்னா, ராத்திரியே ஏன் கூட்டிட்டு வரலன்னு திட்டுறாரு. சாதாரண காய்ச்சலுக்கு எதுக்கு இவ்ளோ பதட்டம்?

திட்டினது சரிதாம்மா, கோவிச்சுக்காத. கீமோ மருந்து பெரும்பாலும் எது கேன்சர் செல்லு எது நல்ல செல்லுன்னு பாக்காது, எது வேகவேகமா பெருகுதோ அத அடிக்கும், அதான் முடி வேரு, வாய், குடலோட உள்தோல், எலும்பு மஜ்ஜை எல்லாம் சேந்து மாட்டிக்குது. இதுல மஜ்ஜை அடிவாங்குறது வெளிய தெரியாது. வெள்ளை அணுவெல்லாம் அங்கதான் தயாராகுது, பெரும்பாலான மருந்துக்கு 7ல இருந்து 14 நாளுக்குள்ள கவுன்ட் அடிமட்டத்துக்குப் போயிடும், உங்கம்மாவோட ஒம்போதாவது நாள் சரியா அதுக்கு நடுவுல வருது.

அந்த நேரத்துல கிருமி உள்ள போச்சுன்னா வழக்கமா வர்ற அடையாளம் எதுவும் வராம போகலாம். சீழ்னு நாம சொல்றதே பெரும்பாலும் செத்த வெள்ளை அணுதான், அது இல்லாத உடம்புல சீழ் எங்கிருந்து வரும்? காய்ச்சல் ஒண்ணுதான் மணி அடிக்கும், நீ மாத்திரை குடுத்து அந்த மணியையும் நிறுத்திட்ட. காலைல இறங்கினது காய்ச்சல் மட்டும்தான், கிருமி இருந்திருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும். எங்க வார்டுக்கு ஒரு அம்மா நடந்தே வந்து "சளி கூட இல்ல சிஸ்டர், லேசா குளிருது"ன்னு சொல்லி உக்காந்தாங்க, பிபி பட்டையை சுத்தி பாத்தா மேல் நம்பரே எண்பதுக்குக் கீழ. அன்னைக்கு இருந்து "லேசா"ன்னு யாராவது சொன்னாலே எனக்குப் பயம்தான்.

அதனால அளவு இதுதான், 38 டிகிரி செல்சியஸ், உங்க தெர்மாமீட்டர்ல 100.4. அதத் தொட்டா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். தெர்மாமீட்டர் வச்சுப் பாக்காம எந்த மாத்திரையும் குடுக்காத. காய்ச்சல் இல்லாம குளிர் நடுக்கத்துல உடம்பு தூக்கித்தூக்கிப் போட்டாலும் அதே கதைதான். அங்க போய் வரிசைல நின்னு கத மொத்தமும் சொல்லிட்டு இருக்க வேணாம், முதல் வார்த்தையே "கீமோ போட்டிருக்கோம், இன்னைக்கு ஒம்போதாவது நாள்"னு சொல்லு, ரத்த டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே ஆன்டிபயாடிக் ஏத்தப் பாப்பாங்க.

எனக்கு மூணு கீமோ முடிஞ்சிடுச்சு, ஒரு தடவை கூட வாந்தி இல்ல, முடியும் லேசாத்தான் கொட்டுது. பக்கத்து பெட்ல இருந்தவரு, அப்ப மருந்து வேலை செய்யலன்னு சொல்றாரு. நிஜமா?

இல்ல தம்பி. இந்தப் பேச்சு எத்தன வருஷமா சுத்துதுன்னே தெரியல. வாந்தி வர்றதுக்கும் கட்டி கரையுறதுக்கும் சம்பந்தமே கிடையாது. மருந்து பட்டதும் குடல்ல இருந்து செரடோனின் நெறைய வெளிய வரும், அது நரம்பு வழியா மூளைக்கு சேதி அனுப்பும், வாந்தி வரும். அந்த சேதிய நடுவுல மறிக்கிற ஒன்டான்செட்ரான் மாதிரி மாத்திரையெல்லாம் 1990கள்லதான் புழக்கத்துக்கு வந்துச்சு, உங்களுக்கு வாந்தி இல்லன்னா அந்த மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு வச்சுக்கோங்க. சில கீமோவுக்கு முடியே கொட்டாது. மருந்து கேக்குதா இல்லையான்னு ஸ்கேனும் டாக்டரும் சொல்லட்டும், பக்கத்து பெட் வேணாம்.

ஒண்ணு மட்டும், நல்லாத்தான இருக்கேன்னு வாந்தி மாத்திரைய பாதில நிறுத்திடாதீங்க, சில மருந்துக்கு ரெண்டாம் நாள் மூணாம் நாள்தான் குமட்டலே ஆரம்பிக்கும். அந்த மாத்திரையால மலச்சிக்கல் வரும், அத வெக்கப்பட்டு சொல்லாம ஒரு வாரம் ஓட்டுறவங்கதான் ஜாஸ்தி.

செவப்பு கலர் மருந்து ஏத்தினாங்க, யூரினும் செவப்பா போகுது. ரத்தமா?

டாக்ஸோரூபிசினா இருந்தா அது மருந்தோட கலரு, ஒண்ணு ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும். அதுக்கப்புறமும் செவப்பா இருந்தாலோ எரிச்சல் இருந்தாலோ உடனே போன் போட்டு சொல்லுங்க.

வீட்டுக்காரிக்கு வாயெல்லாம் புண்ணு, எத சாப்பிட்டாலும் இரும்பு மாதிரி இருக்குன்னு தட்ட தள்ளிடுறா. மருந்து ஏத்தும்போது ஐஸ் சப்பினா புண்ணு வராதுன்னு ஒருத்தர் சொன்னாரு, செய்யலாமா ஐயா?

ஐயா இல்லீங்க, நான் சிஸ்டர்! வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் உப்பும் சமையல் சோடாவும் கலந்து ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ கொப்பளிச்சு துப்பச் சொல்லுங்க, பிரஷ் ரொம்ப மெத்துன்னு இருக்கணும், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேணவே வேணாம், எரிஞ்சே போயிடும். இரும்பு ருசிக்கு ஸ்பூன பிளாஸ்டிக்கா மாத்திப் பாருங்க, சிலருக்கு அதுலயே பாதி கொறையுது. சூடா வச்சா வாசனை தூக்கலா வரும், ஆறின பிறகு வையுங்க. தண்ணியே முழுங்க முடியலன்னா வீட்ல வச்சுப் பாத்துட்டு இருக்காதீங்க.

ஐஸ் விஷயத்துல அவரு சொன்னது பாதி சரி. ஃப்ளூரோயுராசில்ங்கிற கீமோ மருந்த வேகமா ஊசியா போடும்போது ஐஸ் சப்பினா வாய்க்குப் போற ரத்தம் கொறையும், மருந்தும் கம்மியா போகும், புண்ணு கொறையும். ஆனா ஆக்ஸாலிபிளாட்டின்னு ஒரு மருந்து இருக்கு, அது ஏத்துறவங்களுக்கு குளிர்ச்சி பட்டாலே விரல் குத்தும், தொண்டை அடைக்கிற மாதிரி ஆயிடும், ஃப்ரிட்ஜ்குள்ள கைய விடவே க்ளவுஸ் போடுவாங்க. ரெண்டு மருந்தையும் ஒண்ணா குடுக்குறதும் உண்டு. அதனால மருந்துச் சீட்டுல என்ன பேரு இருக்குன்னு நர்ஸ்கிட்ட காட்டிக் கேட்டுட்டு அப்புறம் ஐஸ தொடுங்க.