விண்ஃபார்ம்ஸ் லிஸ்ட்வியூவில் ஒரு பத்தியை மட்டும் மறைத்து வைப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: டாட்நெட்டில் விண்டோஸ் திரைகள் எழுதும் விண்ஃபார்ம்ஸில், வரியும் பத்தியுமாகக் காட்டும் லிஸ்ட்வியூவில் பில்களைப் போட்டிருக்கிறேன், அந்த பில் பட்டியலில் டேட்டாபேஸ் ஐடி ஒரு பத்தியாக இருக்கிறது, பயனருக்கு அது தெரியக் கூடாது, விட்த்தை, அதாவது அகலத்தை, 0 ஆக்கிப் பார்த்தேன், தலைப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மறுபடி வந்து நிற்கிறது, விசிபிள் என்று ஒரு பண்பு ஏன் இல்லை?

இல்லைதான். ஒரு பத்தியைக் குறிக்கும் காலம்ஹெடரில் தலைப்பு உண்டு, அகலம் உண்டு, எத்தனையாவதாகக் காட்டுவது என்கிற டிஸ்பிளேஇண்டெக்ஸ்கூட உண்டு, மறைக்க மட்டும் எதுவும் கிடையாது. அடியில் இருப்பது விண்டோஸின் பழைய லிஸ்ட்வியூ கன்ட்ரோல், அதிலேயே அப்படி ஒரு நிலை இல்லாதபோது டாட்நெட் எங்கிருந்து கொண்டுவரும்? ஆனால் எதற்காக மறைக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள், ஏனென்றால் காரணத்தைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

ஐடிக்காக என்றால் அதற்குப் பத்தியே வேண்டாம். ஒரு வரியைக் குறிக்கும் லிஸ்ட்வியூஐட்டத்தில் டேக் என்று ஒரு பண்பு இருக்கிறது, அதில் எந்த ஆப்ஜெக்டையும் வைக்கலாம். வரியை உருவாக்கும்போதே ஐடியை, இன்னும் நல்லது அந்த பில் ஆப்ஜெக்டையே முழுதாக, டேக்கில் போட்டுவிடுங்கள்; பயனர் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் செலக்டட்ஐட்டம்ஸில் முதல் ஆளை எடுத்து அதன் டேக்கை பில் வகைக்கு காஸ்ட் பண்ணினால் வேலை முடிந்தது. சி++-க்கான பழைய மைக்ரோசாஃப்ட் நூலகமான எம்எஃப்சியில் எழுதுகிறவர்கள் செட்ஐட்டம்டேட்டா, கெட்ஐட்டம்டேட்டா என்று காலங்காலமாக இதைத்தான் செய்கிறார்கள். வரியில் ஒரு பத்தியின் மதிப்பான சப்ஐட்டத்தின் எழுத்தைப் படித்து அதை மறுபடி இண்டாக, அதாவது முழு எண்ணாக, மாற்றுகிற கோடைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

இரண்டாவது காரணம், ரகசியம். நான் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறவன். படகு கரைக்கு வந்ததும் இறால், நண்டு, கணவாய் என்று தரம் பிரித்து எடை போடுவார்கள், ஒருவர் சொல்லச் சொல்லக் கணக்குப்பிள்ளை தட்டுவார், திரையில் படகு எண், சரக்கு, கிலோ, விலை, தொகை என்று வரி வரியாக ஏறும். அந்தத் திரையைக் கணக்குப்பிள்ளை மட்டுமா பார்க்கிறார்? படகு ஓனர், டிரைவர், எடை பார்க்க வந்தவர் என்று எல்லாரும் அவர் தோளுக்கு மேலேதான் நிற்பார்கள். முதலாளிக்கோ அதே பட்டியலில் ஏற்றுமதிக் கம்பெனி தரப்போகிற விலையும், அந்தப் படகுக்குக் கொடுத்த முன்பணத்தில் பாக்கி எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில், முன்னால் யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருளில் அந்த ஏற்றுமதி விலையை 0 அகலப் பத்தியில் போட்டுவைத்திருந்தார்கள். லிஸ்ட்வியூ டீட்டெயில்ஸ் வியூவில் இருக்கும்போது கன்ட்ரோல் சாவியோடு நம்பர் பேடின் பிளஸ்ஸை அழுத்தினால் எல்லாப் பத்தியும் உள்ளே இருக்கிற எழுத்துக்குத் தக்கபடி விரிந்துகொள்ளும், 0 அகலத்தில் இருப்பதும் சேர்ந்து விரியும். கணக்குப்பிள்ளையின் கை எந்நேரமும் நம்பர் பேடில், கீபோர்டோ உப்புக்காற்றில் கன்ட்ரோல் சாவி அமுங்கினால் எழும்பாத கீபோர்டு. ஒரு நாள் படகுக்காரர்கள் நிற்கும்போதே விலை திறந்துகொண்டது. அன்றைக்கு அங்கே நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

அதனால் ரகசியம் என்றால் மறைக்காதீர்கள், ஏற்றவே ஏற்றாதீர்கள். உள்ளே நுழைந்திருப்பவர் முதலாளியா இல்லையா என்று பார்த்து, இல்லையென்றால் டேட்டாபேஸிலிருந்து எடுக்கிற செலக்ட் கொயரியிலேயே அந்த ஃபீல்டை விட்டுவிடுங்கள். திரைக்கு வராத தகவலை எந்தச் சாவியும் திறக்காது, எக்ஸெலுக்கு ஏற்றுமதி செய்கிற பட்டனும் அதைத் தெரியாமல் தூக்கிக்கொண்டு போகாது.

மூன்றாவது, பயனரே சில பத்திகளை வேண்டாம் என்று எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவர வேண்டும், எக்ஸ்ப்ளோரரில் தலைப்பை ரைட் கிளிக் செய்தால் வருகிற மெனு மாதிரி. இதுதான் கொஞ்சம் உழைப்பு கேட்கும். பலர் காலம்ஸ் தொகுப்பிலிருந்து ரிமூவ் செய்து பார்த்துவிட்டு மதிப்பெல்லாம் பக்கத்துத் தலைப்புக்குக் கீழே போய்விட்டது என்று வந்து நிற்பார்கள். பத்தியையும் சப்ஐட்டத்தையும் இணைப்பது வரிசை எண் மட்டும்தான், பத்தியை எடுத்தால் சப்ஐட்டம்ஸ் தொகுப்பில் இருக்கிற மதிப்பு தானாகப் போகாது. நான் செய்வது, சொந்தமாக ஒரு சின்ன கிளாஸ்: தலைப்பு, அகலம், காட்டவா என்கிற பூலியன் (ஆம்/இல்லை மதிப்பு), பில்லைக் கொடுத்தால் எழுத்தைத் திருப்பித் தருகிற ஒரு ஃபங்ஷன். இந்த ஆப்ஜெக்டுகள் ஒரு லிஸ்டில் இருக்கும். பயனர் எதையாவது டிக் எடுத்தால், திரை வரைவதை நிறுத்திவைக்கும் பிகின்அப்டேட், கிளியர், காட்ட வேண்டிய பத்திகளை மட்டும் சேர்த்து வரிகளை அதே வரிசையில் மறுபடி நிரப்பி, எண்ட்அப்டேட். கிளியர் பத்தி, வரி இரண்டையும் அழித்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். அப்புறம் காலம்கிளிக் ஈவென்ட் தருகிற எண் இப்போது மாறிப்போயிருக்கும், எண்ணை வைத்து ஸார்ட் செய்திருந்தால் கிலோவைத் தட்டினால் தேதி வரிசையாகும். ஒவ்வொரு காலம்ஹெடரின் டேக்கிலும் உங்கள் பத்தி ஆப்ஜெக்டை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இவ்வளவு எழுதப் பொறுமை இல்லையென்றால் ஆப்ஜெக்ட்லிஸ்ட்வியூ என்ற ஓப்பன் சோர்ஸ் நூலகத்தில் பத்திக்கு இஸ்விசிபிள் உண்டு, மாற்றியபின் ரீபில்ட்காலம்ஸை அழைக்க வேண்டும்.

இல்லை, எனக்கு 0 அகலம்தான் வேண்டும், பழைய கோடைத் தொட முடியாது என்றால், சரி. காலம்விட்த்சேஞ்சிங் ஈவென்டைப் பிடித்து, காலம்இண்டெக்ஸ் அந்தப் பத்தியுடையது என்றால் நியூவிட்த்தை 0 ஆக்கி கேன்சலை ட்ரூ பண்ணுங்கள், இழுப்பது நிற்கும். ஓரத்தில் இரட்டைக் கிளிக், மேலே சொன்ன கன்ட்ரோல் பிளஸ், உங்கள் கோடில் எங்காவது ஆட்டோரிசைஸ்காலம்ஸ் இருந்தால் அது, இவை மூன்றையும் தனித்தனியாகச் செய்து பாருங்கள். அதோடு முதல் பத்தியை மட்டும் இப்படி மறைக்காதீர்கள். வரியில் எங்கே தட்டினாலும் தேர்வாக்கும் ஃபுல்ரோசெலக்ட் இயல்பாக ஃபால்ஸ், அந்த நிலையில் முதல் பத்தியில் கிளிக் செய்தால்தான் வரி தேர்வாகும், அதன் அகலம் 0 என்றால் பயனர் எங்கே போய் கிளிக் செய்வார்? செக்பாக்ஸும் ஐகானும் அங்கேதான் இருக்கின்றன, அவையும் காணாமல் போகும்.

புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் விண்ஃபார்ம்ஸின் அட்டவணைக் கன்ட்ரோலான டேட்டாகிரிட்வியூவுக்குப் போய்விடுங்கள், அதில் பத்திக்கு விசிபிள் = ஃபால்ஸ் என்று ஒரே வரி, மதிப்பையும் பத்தியின் பெயரைச் சொல்லி எப்போதும்போலப் படிக்கலாம். எங்கள் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், கம்பெனிகளிலும் பில் குறைவு, அந்தச் சமயம் பார்த்துத்தான் நான் ஒவ்வொரு இடமாகப் பழைய பட்டியலை இதற்கு மாற்றுகிறேன். மாற்றும்போது, பத்திகளைத் தானே உருவாக்கும் ஆட்டோஜெனரேட்காலம்ஸை ஃபால்ஸ் ஆக்கிப் பத்திகளை நீங்களே உருவாக்குங்கள், இல்லாவிட்டால் டேட்டாசோர்ஸை நல் (வெற்று மதிப்பு) ஆக்கித் திரும்பக் கொடுக்கும்போது பத்திகள் புதிதாக முளைக்கும், மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். ஐடி பத்தி 0-வதாக இருந்து அதை மறைத்திருந்தால், கரண்ட்செல்லை (இப்போது தேர்வில் இருக்கும் செல்) செல்ஸ் 0-க்குக் கொண்டுபோகிற கோடு எக்ஸெப்ஷன் எறியும், கண்ணுக்குத் தெரியாத செல்லை அது கரண்ட்செல்லாக ஏற்காது. தெரிகிற முதல் பத்தியின் செல்லைக் கொடுங்கள்.