முன்பல் இடைவெளி – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் மகள் ‘அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியின் பழைய காட்சிகளைக் கைபேசியில் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று இரவு ஒன்றை எனக்கும் காட்டினாள். டானியல் எவன்ஸ் என்ற பெண்ணிடம், முன்பல்லில் இப்படி இடைவெளி இருந்தால் விளம்பர ஒப்பந்தம் எப்படிக் கிடைக்கும் என்று கேட்கிறார் நிகழ்ச்சியை நடத்தும் டைரா பேங்க்ஸ். கடைசியில் ஜெயித்தது அந்தப் பெண்தானாம். “அப்படியானால் இவரை ஏன் யாருக்கும் தெரியவில்லை? எங்கே போனார்?” என்றாள் மகள். திறமை போதாமல் இருந்திருக்கும் என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பவில்லை. நீங்கள் விளம்பரத் துறையில் இருந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

ஆர்.,
திருச்சி

அன்புள்ள ஆர்.,

முதலில், திறமை போதவில்லை என்று சொன்னதை மகளிடம் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

டானியல் எவன்ஸ், சுருக்கமாக டானி, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரத்துப் பெண். 2006 மே மாதம், ஆறாவது சீசனில் வென்றார். நீங்கள் பார்த்த காட்சிக்கு முன்னால் அவர் பல் மருத்துவரிடம் போய், இடைவெளியை அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நடுவர்கள் முன் நிற்கும்போது டைரா விடவில்லை. டானி, ஏன் கூடாது என்றுதான் முதலில் கேட்கிறார். டைரா பதிலுக்குத் தன் பல்லை விரலால் சுட்டிக்காட்டி, பார்ப்பவர் கண்ணுக்கு இது மட்டும்தான் தெரியும் என்கிறார். இந்தக் காட்சியை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் நிற்கிற விதத்தில் பணிவும் இருக்கிறது, பிடிவாதமும் இருக்கிறது. பிறகு சமரசமாக இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். பேச்சில் இருந்த தென்மாநில வாடையையும் குறைக்கச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் பாட்டி, முன்பல்லில் சந்து இருந்தால் அதிர்ஷ்டம் என்பார். பாட்டிக்கு அழகுசாதனச் சந்தை தெரியாது, ஆனால் இந்த விஷயத்தில் டைராவைவிடச் சரியாகச் சொல்லியிருக்கிறார். லாரன் ஹட்டன் என்ற அமெரிக்க மாடலுக்கு முன்பல்லில் பளிச்சென்று இடைவெளி உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், பிணங்களை அலங்கரிப்பவர்கள் பயன்படுத்தும் மெழுகை வைத்து அதை மறைத்துப் பார்த்தவர் அவர். அவரை 1973இல் ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனம் பெரிய தொகைக்கு ஒப்பந்தம் செய்தது. ஆகவே பல்லில் இடைவெளியோடு அழகுசாதன ஒப்பந்தம் கிடைக்குமா என்ற கேள்விக்கு, டானியிடம் கேட்கப்படுவதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே பதில் வந்துவிட்டது. முன்னணி மாடலாக இருந்த டைராவுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அன்றைய படப்பிடிப்புக்கு ஒரு மோதல் வேண்டியிருந்தது என்றே நினைக்கிறேன்.

கூத்து இனிமேல்தான். 2010இல் பதினைந்தாவது சீசன். செல்ஸி ஹெர்ஸ்லி என்ற பெண்ணுக்கும் முன்பல்லில் சின்ன இடைவெளி. அதை அகலமாக்கச் சொல்லிப் பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள்! அந்தச் சமயத்தில் லாரா ஸ்டோன் என்ற டச்சு மாடல், பல் இடைவெளியோடு உச்சத்தில் இருந்தார். டானியிடம் குறையாக இருந்தது நான்கே ஆண்டுகளில் நாகரிகமாகிவிட்டது. 2020 மே மாதம் பழைய காட்சிகள் சமூக ஊடகங்களில் சுற்றி வந்து பலரும் கோபப்பட்டபோது, சில முடிவுகள் மிகவும் தவறானவைதான் என்று டைரா ஒப்புக்கொண்டார்.

சரி, ஜெயித்த பிறகு? பரிசில் கவர்கேர்ள் என்ற அழகுசாதன நிறுவனத்தின் 1,00,000 டாலர் ஒப்பந்தம் இருந்தது, ஃபோர்டு மாடலிங் நிறுவனத்தில் இடமும் இருந்தது. கேட்கப் பெரிதாக இருக்கும். மாடலிங் நிறுவனத்தில் இடம் கிடைப்பது மாதச் சம்பளத்தில் சேர்வது போன்றதன்று. வேலை வந்தால் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிறுவனத்துக்குப் போகும். வராவிட்டால் ஒன்றுமில்லை. தங்கிய செலவு, படம் எடுத்த செலவெல்லாம் பல இடங்களில் கணக்கில் கடனாக ஏறும்.

இன்னொன்றையும் பாருங்கள். அப்போது ஆண்டுக்கு இரண்டு சீசன். மே மாதம் டானி வென்றார், அதே ஆண்டு டிசம்பரில் அடுத்த சீசனில் கேரிடீ இங்கிலிஷ் வென்றுவிட்டார். இடைப்பட்ட ஏழு மாதம் டானி கவர்கேர்ள் முகமாகச் சிறு விளம்பரத் துண்டுகளில் வந்தார், அதுவும் அடுத்த சீசனின் இடைவேளைகளில். ராணியை அறிவித்த மறுநாளே அடுத்த ராணிக்கு மேடை போடுகிற ஊர் அது. 2003 முதல் 2018 வரை 24 சீசன்கள் ஓடின. முதல் சீசனில் வென்ற ஏட்ரியன் கரி, ரெவ்லான் ஒப்பந்தம் சொன்னபடி தனக்குக் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டவர்.

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் நான் வாசகம் எழுதிக்கொண்டிருந்தபோது, பட்டுச்சேலை விளம்பரத்துக்கு முகம் தேடினோம். தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வென்ற பெண்ணும் வந்திருந்தார். நல்ல உயரம். சேலை அவர்மேல் விழுந்த விதத்தைப் பார்த்துத் தையல்காரரே தலையாட்டினார். கடை முதலாளி அவருடைய படங்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இந்தப் பெண்ணைப் பார்த்தால் எனக்கு அந்த நிகழ்ச்சிதான் ஞாபகம் வருகிறது. என் சேலை ஞாபகம் வர வேண்டாமா?” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. முன்பின் பார்த்திராத முகமாக வேறொரு பெண்ணைப் பிடித்தோம். வென்றவர் போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனார், அது இன்னும் உறுத்துகிறது.

அங்கேயும் இதே கதைதான் என்று படுகிறது. 2014இல் தோற்று வெளியேறிய வின்னி ஹார்லோ, தன் வெண்புள்ளிகளோடு உலகம் அறிந்த முகமானார் (தயவுசெய்து வெண்குஷ்டம் என்று யாரும் எழுதாதீர்கள்). அவர் தலையில் கிரீடம் இல்லை, அதனால் கழற்றவேண்டிய வேலையும் இல்லை. 2015இல் வென்ற நைல் டிமார்கோ காது கேளாதவர். அடுத்த ஆண்டே நடனப் போட்டியிலும் வென்றார், பிறகு தயாரிப்பு, எழுத்து என்று காதுகேளாதோர் வாழ்க்கையைச் சொல்லும் வேலைக்குப் போய்விட்டார். மாடலிங்கை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் அவரையும் உங்கள் மகள் தேடிக்கொண்டிருப்பார்.

டானி எங்கும் காணாமல் போய்விடவில்லை. மாடலாகத் தொடர்ந்து வேலை பார்த்தார். இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறவர்களுக்காக ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார். பிறகு நியூயார்க்கில் மன்ரோ என்ற பெயரில் சொந்தமாகத் தொப்பி நிறுவனம் தொடங்கினார். ஜெயித்தவர் எங்கே போனார் என்று மகள் மறுபடி கேட்டால், தொப்பிக் கடைக்குப் போனார் என்று சொல்லுங்கள். லாரன் ஹட்டனின் பழைய ரெவ்லான் விளம்பரங்களையும் காட்டுங்கள், வாய்விட்டுச் சிரிக்கிற படமாகப் பார்த்து.