துணிக்கு அடியில் இன்ஹேலர்

கேள்வி: கிள்ளானில் இருக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் என் 11 வயது மகள் மூன்று நாள் சுற்றுலா போகிறாள். முதலில் மலாக்கா, பிறகு சிங்கப்பூர் செந்தோசா. எவ்வளவு பணம் கொடுத்தனுப்பலாம்? எந்த ராட்டினத்தில் ஏறலாம்? அவளுக்கு எப்போதாவது மூச்சிழுப்பு (ஆஸ்துமா) வரும். சொன்னால் கூட்டிப்போக மாட்டார்கள் என்று பயந்து அதைப் படிவத்தில் எழுதவில்லை. இன்ஹேலரைப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். டீச்சரிடம் சொல்லாதே என்று அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

பதில்: மலாக்காவுக்கு ரிங்கிட், செந்தோசாவுக்குச் சிங்கப்பூர் டாலர் என்று இரண்டு உறை போட்டு ஆசிரியையிடம் கொடுங்கள். பணத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

'டீச்சரிடம் சொல்லாதே' என்றீர்களே அம்மா, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூச்சு முட்டும் பிள்ளை பக்கத்தில் நிற்கும் பெரியவரைத்தான் பார்க்கும். நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்ற உங்கள் மகள் இழுப்பை அடக்கிக்கொண்டு நிற்பாள். அடக்க அடக்க அது முற்றும். பெற்றவளுக்குப் பயந்து பிள்ளை மூச்சை ஒளிக்கலாமா?

அந்தப் பெட்டி எங்கே இருக்கும் என்று யோசித்தீர்களா? பஸ்ஸின் அடியில். பிள்ளைகள் பூங்காவுக்குள், பஸ் வேறெங்கோ நிறுத்துமிடத்தில், சாவி ஓட்டுநரிடம். வெயிலில் பூட்டிக் கிடக்கும் பஸ்ஸின் சூடும் இன்ஹேலருக்கு ஆகாது. 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது.

செந்தோசாவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவில் 'மம்மி' ராட்டினத்துக்கு 122 செ.மீ., 'பேட்டில்ஸ்டார்' ராட்டினத்துக்கு 125 செ.மீ. உயரம் கேட்பார்கள். அவள் வயதுக்கு அது தடையாக இருக்காது. ராட்டினத்தைவிட நான் அஞ்சுவது, வெயிலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவதையும், ஜுராசிக் பார்க் படகில் தொப்பலாக நனைந்துவிட்டு அப்படியே குளிரூட்டிய அரங்குக்குள் நுழைவதையும்தான். சட்டென்று குளிர்காற்று பட்டால் மூச்சுக்குழாய் சுருங்கும். மாற்றுச் சட்டை ஒன்று கைப்பையில் இருக்கட்டும். வேகமான ராட்டினங்களுக்குப் பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். அதனால் இன்ஹேலர் இரண்டு வேண்டும்: ஒன்று அவள் இடுப்புப் பையில், ஒன்று வெளியே நிற்கும் ஆசிரியையிடம். இரண்டையும் கிளம்பும் முன் காற்றில் அழுத்திப் பாருங்கள், மருந்து வருகிறதா என்று.

மலாக்காவிலும் கவனம் வேண்டும். செயின்ட் பால் குன்றின் படிகளை நண்பகல் வெயிலில் ஏறக் கூடாது, காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலை அவள் பார்க்க வேண்டும், அதைத் தவறவிட வேண்டாம். ஆனால் அருகிலிருக்கும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலில் ஊதுபத்திப் புகை மண்டும். அங்கே அவள் வாசலோடு நிற்கட்டும்.

இழுப்பு வந்தால் செய்ய வேண்டியதை உங்கள் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பொதுவான முதலுதவி இது: நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) வழியாக, இழுப்பைத் தணிக்கும் நீல இன்ஹேலரை ஒவ்வொன்றாக 4 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்துக்கும் 4 மூச்சு. 4 நிமிடத்தில் குறையாவிட்டால் இன்னும் 4. அதற்கும் அடங்காவிட்டால், அல்லது தொடக்கத்திலேயே பேச முடியாமல் திணறினால், ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்: மலாக்காவில் 999, சிங்கப்பூரில் 995.

படிவத்தைத் திருத்தி நாளைக்கே நேரில் கொடுங்கள். இவ்வளவும் சொன்ன பிறகும் பள்ளி மறுத்தால், அவள் வீட்டில் அழட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். அந்த அழுகை ஒரு வாரத்தில் தீரும். ஆனால் இன்றிரவு பெட்டியைத் திறக்கும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்து, 'சொல்லாதே என்று நான் சொன்னது தப்பு' என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.