கிறிஸ்துமஸும் கடைத்தெருவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பாஸ்டனுக்குக் குடிவந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அக்டோபர் முடிவதற்குள்ளாகவே இங்குள்ள கடைகளில் கிறிஸ்துமஸ் அலங்காரம் தொடங்கிவிடுகிறது. இப்பண்டிகை எதற்காக என்று என் மகளிடம் கேட்டால், தனக்கு வேண்டிய பரிசுகளின் பட்டியலைத்தான் சொல்கிறாள். தேவாலயத்திலும் வீட்டிலும் அமைதியாக நடந்துவந்த ஒரு பண்டிகையைக் கோகோ கோலா போன்ற நிறுவனங்கள் வணிகமாக்கிவிட்டன என்கிறார்கள் நண்பர்கள். அது உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் வசிக்கும் ஊரில் கிறிஸ்துமஸ் ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. வேலையை நிறுத்தியோ விருந்துண்டோ அந்நாளைக் கொண்டாடுபவருக்கு 5 ஷில்லிங் அபராதம் என்று 1659இல், பாஸ்டனை உள்ளடக்கிய மாசசூசெட்ஸ் குடியேற்றம் இயற்றிய சட்டம் 1681 வரை நீடித்தது. தடை விதித்தவர்கள் பியூரிட்டன்கள், அதாவது கிறிஸ்தவர்களிலேயே மிகக் கறாரானவர்கள். இயேசு பிறந்த தேதி விவிலியத்தில் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. அந்நாள் கொண்டாடப்பட்ட விதம் மற்றொன்று. அறுவடை முடிந்து, குளிர்காலத்துக்கு முன் கால்நடைகளை வெட்டி, புதிய பீரும் பதமாகியிருக்கும் பருவம் அது. எளிய மக்கள் குடித்துவிட்டுக் கூட்டமாகச் சென்று செல்வந்தர்களின் வாசலில் நின்று பாடி, உணவும் மதுவும் காசும் கேட்பார்கள்; கொடுத்தால் வாழ்த்து, இல்லையென்றால் வசை. உங்கள் நண்பர்கள் சொல்லும் அந்த அமைதியான குடும்பப் பண்டிகையை இங்கே தேடினால் கிடைக்காது.

அது உருவானது 19ஆம் நூற்றாண்டில்தான். நியூயார்க் பெருநகரமாக வளர்ந்தபோது இத்தகைய கூட்டங்களைக் கண்டு வசதி படைத்தவர்கள் அஞ்சத் தொடங்கினார்கள். 1823இல் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ஆசிரியர் பெயரின்றி வெளியான புகழ்பெற்ற கவிதையில், ஊர் உறங்கும் இரவில் புனித நிக்கோலஸ், அதாவது நாம் அறிந்த சாண்டா கிளாஸ், புகைபோக்கி வழியாக வருகிறார். எதையும் கேட்காமல், பிள்ளைகளின் காலுறைகளை நிரப்பிவிட்டுப் போகிறார். உண்மையான மாற்றம் இதுதான் என்று நான் கருதுகிறேன். வாசலைத் தாண்டி ஏழைக்குச் சென்ற கொடை, வீட்டுக்குள்ளேயே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்லத் தொடங்கியது. வாசலில் நிற்பவனுக்கு அடுக்களையில் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் போதும்; சொந்தப் பிள்ளைக்கு அதையே பரிசென்று நீட்ட முடியாது, கடைக்குத்தான் போக வேண்டும். ஆகவே குடும்பப் பண்டிகையை வணிகம் பிற்காலத்தில் வந்து கெடுத்துவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

கோகோ கோலாவுக்கு இதில் அளவுக்கு மீறிய பெருமையோ பழியோ தரப்படுகிறது. ஓவியர் ஹாடன் சண்ட்ப்ளம் அந்நிறுவனத்துக்காக சாண்டாவை வரையத் தொடங்கியது 1931இல். கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் 1863லேயே அவரை வரைந்துவிட்டார். அதுவும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புப் படைமுகாமில் பரிசு வழங்குபவராக. கோகோ கோலா விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே அவர் அரசியலில் இருந்தார்.

காலண்டரையே கடைக்காரர்கள் அசைத்த கதை இதைவிடச் சுவையானது. அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள் அப்போது நவம்பரின் கடைசி வியாழனன்று கொண்டாடப்பட்டது; 1939இல் அது 30ஆம் தேதி வந்தது. அந்நாளுக்கு முன் கிறிஸ்துமஸ் விற்பனையைத் தொடங்குவது அன்று அநாகரிகம். பொருளாதார மந்தநிலையின் நெருக்கடியில் இருந்த வணிகர்கள் கேட்டுக்கொண்டபடி அதிபர் ரூஸ்வெல்ட் அந்நாளை ஒரு வாரம் முன்னால் தள்ளினார். ஏறக்குறைய பாதி மாநிலங்கள் அதை ஏற்க மறுத்தன. நான்காம் வியாழன் என்று 1941இல் சட்டம் வந்த பிறகே குழப்பம் தீர்ந்தது. ஒரு வாரத்துக்காக அதிபரிடம் மன்றாடியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அக்டோபரிலேயே நட்சத்திரம் தொங்கவிட யாரையும் கேட்பதில்லை.

எனக்கு இழப்பாகத் தோன்றுவது வேறொன்று. திருச்சபை மரபில் டிசம்பர் 25க்கு முந்தைய நான்கு வாரங்கள் காத்திருப்பதற்கும் தவத்துக்கும் உரியவை. கொண்டாட்டம் அன்றுதான் தொடங்கி ஜனவரி 5 வரை பன்னிரண்டு நாட்கள் நீளும். கடைத்தெரு இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. டிசம்பர் 26 அன்று உங்கள் தெருவோரத்தில் எறியப்பட்டுக் கிடக்கும் மரங்களை மகளுக்குக் காட்டுங்கள். பழைய கணக்கின்படி பண்டிகைக்கு அது இரண்டாம் நாள்.