கேட்டமரானுக்கு மோட்டார்: கேவி எண்ணிலிருந்து தொடங்காதீர்கள்

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ரிமோட்டில் ஓட்டும் மாதிரிப் படகுக்காக 52 செ.மீ. நீளமுள்ள ஃபைபர் கேட்டமரான் கூடு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. உள்ளே எதுவும் இல்லை. கடையில் விசாரித்தபோது 2848 அளவு பிரஷ்லெஸ் மோட்டார், 3,900 கேவி, 40 ஆம்பியர் கன்ட்ரோலர், 3எஸ் லிப்போ பேட்டரி போதும் என்றார்கள். நண்பர் ஒருவர் இரட்டைக் கூட்டுப் படகுக்கு இரண்டு மோட்டார்தான் சரி என்கிறார். எங்கள் பூண்டுத் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் ஓட்டப் போகிறேன். பொங்கல் விடுமுறையில் தேனிக்கும் எடுத்துச் செல்வேன். எதை வாங்கலாம்?”

கடையில் சொன்ன அளவு சரி, எண் தவறு. 2848 என்பது 28 மி.மீ. விட்டமும் 48 மி.மீ. நீளமும் கொண்ட மோட்டார். உங்கள் கூட்டுக்குள் அது அழகாக அமரும். சிக்கல் 3,900 கேவியில் இருக்கிறது. கேவி என்பது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு. அது வலிமையின் அளவு இல்லை. 3எஸ், அதாவது மூன்று லிப்போ (லித்தியம் பாலிமர்) செல்களைத் தொடராக இணைத்த பேட்டரியின் 11.1 வோல்ட்டில் 3,900 கேவி மோட்டார் நிமிடத்துக்கு 43,000 சுற்றைத் தாண்டப் பார்க்கும். தண்ணீரில் புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி, சுற்று வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுகிறது. அதே புரொப்பெல்லரோடு 2,800 கேவி மோட்டார் 40 ஆம்பியர் இழுக்கிறது என்றால், 3,900 கேவி மோட்டார் கணக்குப்படி 108 ஆம்பியர் கேட்கும். அதை, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் 40 ஆம்பியர் கன்ட்ரோலரிடம் கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே மோட்டாரிலிருந்து தொடங்காமல் குட்டையிலிருந்து தொடங்குங்கள். மலைத்தோட்டத்துப் பண்ணைக்குட்டை முப்பது, நாற்பது மீட்டர் நீளம் இருந்தாலே பெரிது. 50 கி.மீ. வேகத்தில் போகும் படகு நாற்பது மீட்டரை மூன்றே விநாடியில் கடந்துவிடும். திருப்ப நினைப்பதற்குள் கரையில் ஏறியிருக்கும். அந்தத் தண்ணீருக்கு 30 கி.மீ. தாராளம். தேனிப் பக்கத்துக் கண்மாயில் இடம் கிடைத்தால் 50 கி.மீ. வரை போகலாம். இரண்டுக்கும் ஒரே மோட்டார் போதும். பேட்டரியை மட்டும் மாற்றினால் ஆயிற்று.

என் பரிந்துரை இதுதான்: 2848 அளவில் 2,600 முதல் 3,000 கேவிக்குள் ஒரு மோட்டார், தண்ணீரால் குளிரும் உறையோடு. 2,800 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். குட்டையில் 2எஸ் பேட்டரி, அதாவது 7.4 வோல்ட்: சுமையில்லாமல் 20,700 சுற்று. தண்ணீரில் இறக்கினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். 30 மி.மீ. விட்டமும் 42 மி.மீ. பிட்சும் (நழுவாமல் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பெல்லர், நழுவல் போக, படகை ஏறத்தாழ 33 கி.மீ. வேகத்தில் தள்ளும். அதே படகில் 3எஸ் பேட்டரியை வைத்தால் 50 கி.மீ. அருகே வரும். 2எஸ்ஸில் மோட்டாரின் சுமை 3எஸ்ஸில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது என்பதால், ஓட்டப் பழகும் நாட்களில் எதுவும் கருகாது. கேட்டமரானைத் திருப்பக் கை பழகுவதற்கு முன்பே வேகத்தை வாங்கி வைத்துக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருடைய படகு இப்போது பரணில் இருக்கிறது.

புரொப்பெல்லர் விஷயத்தில் கஞ்சத்தனமாகவே இருங்கள். விட்டம் கூடக் கூட, சுமை அதன் ஐந்தாம் அடுக்கில் கூடும். 30 மி.மீட்டரிலிருந்து 32 மி.மீட்டருக்குப் போனால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மோட்டாருக்கோ 38 சதவீதம் கூடுதல் பாரம். முதலில் 28, பிறகு 30, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2எஸ்ஸுக்கு நைலான் போதும். 3எஸ்ஸில் நைலான் இலைகள் வளையும் என்பதால் உலோகம் வேண்டும். அதையும் சமநிலை பார்த்து, விளிம்பு தீட்டித்தான் மாட்ட வேண்டும்.

இரண்டு மோட்டார் வேண்டாம். பிரஷ்லெஸ் மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனி கன்ட்ரோலர் தேவை. ஒன்றை இரண்டுக்கும் பகிர முடியாது. புரொப்பெல்லர்கள் எதிரெதிராகச் சுழல வேண்டும், மோட்டாரின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டும் இரண்டு. ஒரு கிலோவை நெருங்கும் படகில் இத்தனை எடையைச் சேர்த்தால் அது மிதக்கும், பறக்காது. ஒற்றைப் புரொப்பெல்லர் படகின் பின்பக்கத்தை ஒரு பக்கமாகத் தள்ளும் என்பது உண்மைதான். கேட்டமரானின் அகலம் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், மீதியைச் சுக்கானின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் டிரிம்மில் சரிசெய்துவிடலாம். (நம் கட்டுமரத்துக்கும் இந்தப் படகுக்கும் பெயரைத் தவிர உறவு குறைவு. அது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. இது நடுவில் காற்றுப்பாதை விட்ட இரட்டைக் கூடு.)

அந்தக் காற்றுப்பாதையைப் பற்றித்தான் மலையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேகத்தில் அந்தப் பாதைக்குள் புகும் காற்று கூட்டைத் தூக்கிப் பிடிக்கிறது. படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிறது. பூம்பாறை சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. தூக்குவிசையும் அதே அளவு குறையும். தண்ணீர் மட்டும் எங்கும் ஒரே தண்ணீர். ஆகவே உங்கள் குட்டையில் படகு கொஞ்சம் தாழ்ந்து, ஈரமாக ஓடும். அதைப் பார்த்துவிட்டு மூக்கை உயர்த்தப் பேட்டரியைப் பின்னால் நகர்த்தத் தோன்றும். நகர்த்தி ருசி கண்ட படகை அப்படியே தேனிக்குக் கொண்டுபோய் 3எஸ்ஸில் முடுக்கினால், அங்கே காற்று கனமானது, மூக்கு எழுந்து படகு பின்புறமாக மல்லாந்து விழும். கூட்டின் பின்விளிம்பிலிருந்து நீளத்தில் 30 சதவீதத்தில், உங்கள் கணக்கில் 15.6 செ.மீட்டரில், எடைமையத்தை வையுங்கள். இரண்டு ஆட்காட்டி விரல்களில் படகைத் தூக்கிப் பார்த்தாலே மையம் தெரிந்துவிடும். மலையில் எங்கே வைத்திருந்தாலும், கீழே இறங்கும்போது பேட்டரியை ஒரு செ.மீ. முன்னால் தள்ளிவிட்டுத்தான் முதல் ஓட்டம்.

கன்ட்ரோலர் 60 ஆம்பியர், படகுக்கென்றே செய்தது, தண்ணீர்க் குழாய் உள்ளது. விமானத்துக்கானது விலை குறைவு என்று வாங்க வேண்டாம். அது எதிர்க்காற்றில் குளிர்வதற்காகச் செய்தது. டேப் ஒட்டி மூடிய கூட்டுக்குள், அதுவும் மெலிந்த மலைக்காற்றில், அதற்கு மூச்சு கிடைக்காது. உங்கள் ஊர்த் தண்ணீர் சில்லென்று இருப்பது பெரிய வரம், அதைக் குழாய் வழியாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பேட்டரி 3எஸ்ஸுக்கு 3,000 மில்லிஆம்பியர்-மணி, 50சி. சி என்பது கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு மின்னோட்டத்தைப் பேட்டரி தரும் என்ற எண். உறையில் அச்சிட்ட சி மதிப்பில் பாதியை மட்டும் நம்புவது என் வழக்கம். உறைபனி விழும் தை மாதக் காலையில் லிப்போவின் உள்மின்தடை ஏறிவிடும். முடுக்கியவுடன் வோல்ட் சரிந்து, கன்ட்ரோலர் பேட்டரி காலி என்று நினைத்து நின்றுவிடும். கம்பளித் தொப்பிக்குள் சுற்றி எடுத்துப் போங்கள்; வெயில் ஏறிய பிறகு ஓட்டுங்கள். இரவெல்லாம் சில்லிட்ட பேட்டரியை உடனே சார்ஜரில் போடாதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள்.

எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்க மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான்கு நிமிடம் ஓட்டிவிட்டு சார்ஜ் போடுங்கள். சார்ஜர் 1,800 மில்லிஆம்பியர்-மணி திருப்பி ஏற்றியது என்றால் சராசரி 27 ஆம்பியர். பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் மிஞ்ச வேண்டும். அதற்கேற்ப ஓட்ட நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஷாஃப்ட். வளையும் ஷாஃப்ட் முறுக்கிய கம்பி. சுமை ஏறும்போது இன்னும் முறுக்கேறி நீளத்தில் சுருங்கும். அதற்காகப் பின்முனைக் குழாய்க்கும் புரொப்பெல்லரைப் பிடிக்கும் ‘டாக்’ என்ற உலோகத் துண்டுக்கும் நடுவில் 2 மி.மீ. இடைவெளி விட வேண்டும். என் பெட்டியில் இதற்காகவே ஒரு தீக்குச்சி கிடக்கிறது. அது தடையில்லாமல் நுழைந்து வெளியே வந்தால் சரி. பல ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் இந்த இடைவெளி விடாமல் மாட்டினேன். ஷாஃப்ட் சுருங்கி, டாக் குழாயின் வாயில் போய் அழுந்தி, மோட்டார் இறுகி, மூன்றாவது நிமிடத்தில் கூட்டின் மூடி இடுக்கிலிருந்து புகை வந்தது. கன்ட்ரோலரைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. சுழலும் திசையும் முக்கியம். தப்பான திசையில் சுற்றினால் முறுக்கு அவிழ்ந்து கம்பி அறும். மோட்டாரின் மூன்று கம்பிகளில் எந்த இரண்டையும் மாற்றி இணைத்தால் திசை மாறிவிடும். ஷாஃப்ட்டுக்கு ஒவ்வொரு நாளும் கிரீஸ்.

கொடைக்கானல் ஏரியில் ஓட்டும் ஆசை வரும். வேண்டாம். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், 1863இல் ஓர் ஓடையைத் தடுத்து அமைத்த அந்த ஏரி அறுபது ஏக்கர் இருந்தாலும், பெடல் படகில் குழந்தைகள் வருகிற இடம். உலோகப் புரொப்பெல்லர் ஒரு கத்தி. கரையோர நீர்க்களை வேறு சுற்றிக்கொள்ளும், நின்றுபோன மோட்டார் சில விநாடிகளில் கன்ட்ரோலரைத் தின்றுவிடும். உங்கள் குட்டையிலும் ஓட்டுவதற்கு முன் பாசியை வாரிவிடுங்கள். பிற்பகலில் மேகம் இறங்கினால் பத்து மீட்டரில் படகு மறைந்துவிடும், அதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். ரிமோட் தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைப்பை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். படகு நடுவில் நின்றுவிட்டால் அதற்காகக் குட்டைக்குள் இறங்காதீர்கள், பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டையின் சரிவில் பாசி படிந்திருக்கும். நீந்தத் தெரிந்தவருக்கும் ஏற முடியாது. தூண்டில் நரம்பின் முனையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டி வைத்திருங்கள். படகுக்கு அப்பால் வீசி மெல்ல இழுத்தால் வந்துவிடும். கூட்டின் உள்ளே இரு பக்கமும் தெர்மாகோல் துண்டுகளை அடைத்தால் கவிழ்ந்தாலும் மூழ்காது.

முதல் நாள், 28 மி.மீ. புரொப்பெல்லரும் 2எஸ் பேட்டரியும். சுக்கான் பக்கத்துத் துளையிலிருந்து குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் ஓட்டுங்கள். கரைக்குக் கொண்டுவந்து முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு மோட்டார், கன்ட்ரோலர், இணைப்புக் கம்பி, பேட்டரி என ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். மூன்று விநாடி விரலை வைத்திருக்க முடிந்தால் அடுத்த முறை இரண்டு நிமிடம். கம்பியின் இணைப்பு மட்டும் சுட்டால் ஈயப் பற்று சரியில்லை, அதை மீண்டும் வையுங்கள். மோட்டார் சுட்டால் புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிப் பாருங்கள். எங்காவது பிடித்தால், அந்தத் தீக்குச்சியை எடுங்கள்.